போத்தல் சோஸா, வீட்டுச் சோஸா: பாஸ்தா கேள்வி பதில்

ரொறன்ரோவில் இத்தாலிய உணவகக் குசினிகளில் பல வருடம் நின்றவன் என்பதால், "பாஸ்தாவுக்குப் போத்தல் சோஸ் வாங்குவதா, வீட்டில் காய்ச்சுவதா, எது மலிவு?" என்று பலரும் கேட்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். விலைகள் கேட்டவர்கள் சொன்னவை. உங்கள் கடையில் வேறாக இருக்கும்.

ஸ்காபரோவிலிருந்து: அண்ணா, 650 மி.லீ. போத்தல் மலிவு விலையில் 2 டொலர் 50 சதம். 796 மி.லீ. முழுத் தக்காளி ரின் 1 டொலர் 75 சதம். ரின்தானே லாபம்?

பார்த்த உடனே அப்படித்தான் தெரியும். ஆனால் ரின்னில் இருப்பது தக்காளியும் அதன் சாறும். அடுப்பில் வற்றவைத்தால் ஏறக்குறைய அந்தப் போத்தல் அளவுக்குத்தான் வரும். எண்ணெய், உள்ளி, வெங்காயம் சேர்த்தால் இன்னும் ஐம்பது சதம் போகும். ஆக 2.25க்கும் 2.50க்கும் இடையில்தான் வித்தியாசம். அதற்காக அரை மணித்தியாலம் அடுப்படியில் நிற்பதா என்பது உங்கள் விருப்பம். அதே போத்தல் மலிவு முடிந்து 4 டொலருக்கு ஏறும்போதுதான் ரின் உண்மையில் வெல்லும். மலிவுக் கிழமையில் போத்தல் நாலைந்து வாங்கி அடுக்கி வையுங்கள், மற்றக் கிழமைகளில் ரின். என் வீட்டில் இரண்டும் இருக்கும்.

அஜாக்ஸ்: வீட்டுச் சோஸ் எப்பவும் புளிப்பாக வருகிறது. கடையில் போல வருவதில்லையே?

அநேகமாக நீங்கள் நேரம் கொடுப்பதில்லை. ஒரு 796 மி.லீ. ரின்னுக்கு மூன்று மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய், நாலு பல் உள்ளி. உள்ளியை இடிக்காமல் மெல்லிசாகச் சீவி, ஆறிய எண்ணெயிலேயே போட்டு, சின்ன நெருப்பில் வையுங்கள். ஓரம் லேசாகப் பொன்னிறம் பிடித்ததும் தக்காளியைக் கொட்ட வேண்டும். கருகினால் கசப்பு முழுச் சட்டிக்கும் இறங்கிவிடும், பிறகு எதைப் போட்டாலும் மறையாது. தக்காளியைக் கையாலேயே பிசைந்து விடுங்கள், மிக்சி வேண்டாம், அரைத்தால் நிறம் வெளிறிவிடும். அரைத் தேக்கரண்டி உப்பு. மூடாமல் 25 நிமிடம்.

எப்போது இறக்குவது? எங்கள் குழம்புக்குப் பார்க்கிற அதே அடையாளம்தான்: எண்ணெய் பிரிந்து ஓரத்தில் செம்மஞ்சளாக மிதக்க வேண்டும். அகப்பையால் சட்டியின் அடியில் கோடு இழுத்தால் அது மூடிக்கொள்ள ஒரு நொடி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் புளித்தால் ஒரு கரட்டை முழுசாகப் போட்டுக் கொதிக்கவிட்டு எடுத்துவிடுங்கள். சிலர் அப்பச்சோடா ஒரு சிட்டிகை போடுவார்கள். புளிப்பு போகும்தான், கூடிவிட்டால் சவர்க்காரம் மாதிரி வாசம் வரும்.

அவரே: "டைஸ்ட்" (சின்னச் சதுரமாக வெட்டிய) தக்காளி ரின்தான் எங்கள் கடையில் மலிவு. அது சரிவருமா?

சோஸுக்குச் சரிவராது. துண்டு கரையாமல் இருக்க அதில் பெரும்பாலும் கல்சியம் குளோரைட் சேர்த்திருப்பார்கள். எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் அந்தச் சதுரங்கள் சதுரமாகவே நிற்கும். முழுத் தக்காளி அல்லது நசுக்கிய தக்காளி வாங்குங்கள். சான் மார்சானோ (பேர்போன இத்தாலியத் தக்காளி வகை) என்று எழுதியிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்: இத்தாலியின் கம்பானியாவில், சார்னோ–நொச்செரா பக்கத்தில் விளைந்து, விளைந்த இடத்தை உறுதிப்படுத்தும் டி.ஓ.பி. முத்திரை பெற்றதுதான் அசல். வெறும் பெயரை மட்டும் ஒட்டிய ரின்களும் உண்டு. அசல் நல்ல தக்காளிதான், ஆனால் கிழமை நாள் சமையலுக்கு அது வேண்டாத செலவு.

மார்க்கம்: ரின்னை விடப் புதுத் தக்காளிதானே சத்து? ஏன் ரின் ரின் என்கிறீர்கள்?

ஜனவரி மாதத்தில் கடையில் இருக்கிற தக்காளியை ஒன்று வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக, நீர்ப்பிடிப்பாக இருக்கும். தூரம் போக வேண்டிய பழத்தைக் காயாகப் பறித்துத்தான் அனுப்புகிறார்கள். ரின்னுக்குப் போவது பழுத்த பிறகு பறித்தது. குளிர்காலத்தில் புதுத் தக்காளியில் சோஸ் காய்ச்சுவதுதான் இருப்பதிலேயே விலை கூடிய வழி, ருசியும் இல்லை.

ஆகஸ்ட் கடைசி, செப்ரெம்பர் என்றால் கதை வேறு. அப்போது ஒன்ராறியோவின் ரோமா தக்காளி புஷல் கணக்கில் வரும். இத்தாலியக் குடும்பங்கள் கராஜைத் திறந்து வைத்து வருடத்துக்கான சோஸைப் போத்தலில் அடைப்பது அந்த நாட்களில்தான். ஒரு புஷல் சுமார் 24 கிலோ. தண்ணீர்ப்பதமாக என்றால் 10 முதல் 12 லீற்றர் சோஸ், கெட்டியாக வற்றவைத்தால் 7 முதல் 9 லீற்றர் வரும். நாலு வீட்டார் சேர்ந்து செய்தால் வேலையும் தெரியாது, ஊர்க்கதையும் முடியும்.

பிரம்டன்: அப்படிப் போத்தலில் அடைக்க எனக்கும் ஆசை. எங்கள் ஊறுகாய் போல வெயிலில் வைத்தால் போதுமா?

போதாது. இதில் மட்டும் விளையாட வேண்டாம். தக்காளியின் புளிப்பு எல்லாப் பழத்திலும் ஒன்றல்ல. பி.எச். அளவு (புளிப்பைக் காட்டும் எண், அது கூடினால் புளிப்புக் குறைவு) 4.6க்கு மேலே போனால், காற்றில்லாத போத்தலுக்குள் பொட்டுலிசம் என்ற கிருமி நஞ்சு உண்டாகலாம். அது மணத்திலோ நிறத்திலோ தெரியாது. அதனால் 500 மி.லீ. போத்தலுக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு லீற்றருக்கு இரண்டு, கடையில் போத்தலில் விற்கிற எலுமிச்சைச் சாறு கட்டாயம் சேர்க்க வேண்டும். வீட்டில் பிழிந்த தேசிக்காய்ச் சாறு வேண்டாம், அதன் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். பிறகு சோதித்துப் பார்த்த செய்முறை ஒன்றில் சொன்ன நேரம் முழுக்கக் கொதிநீரில் வைக்க வேண்டும். உள்ளி, எண்ணெய், இறைச்சி எல்லாம் அடைக்கிற போத்தலுக்குள் போடாதீர்கள், திறந்து சமைக்கும்போது போடலாம். இவ்வளவு தொல்லை எதற்கு என்றால் பிரீஸரில் வையுங்கள். கண்ணாடிப் போத்தலைக் கழுத்து வரை நிரப்பினால் வெடிக்கும், இரண்டு விரல் இடம் விடுங்கள். மூன்று நாலு மாதம் ருசி குறையாது.

மொன்றியல்: வேலையால் வந்து ஆறு மணிக்கு அடுப்பு மூட்டுகிறேன். போத்தல்தான் எனக்குக் கதி. அதையே ருசியாக்க வழி?

போத்தலை அப்படியே கொட்டிச் சூடாக்கிவிட்டு "ருசி இல்லை" என்கிறவர்கள்தான் அதிகம். முதலில் எண்ணெயில் வெங்காயமும் உள்ளியும் வதக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி தக்காளிப் பேஸ்ட் போட்டு, செங்கல் நிறம் வரும்வரை பிரட்டுங்கள். இந்த இரண்டு நிமிடத்தில்தான் ருசி இருக்கிறது. பிறகு போத்தலை ஊற்றுங்கள். வெற்றுப் போத்தலில் பாஸ்தா அவித்த தண்ணீர் கொஞ்சம் விட்டு, மூடிக் குலுக்கி அதையும் ஊற்றுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கிற சோஸ் வீணாகாது, தண்ணீரில் இருக்கிற மாப்பசை சோஸைப் பாஸ்தாவில் பிடிக்கவைக்கும். பாஸ்தாவைப் பொதியில் சொன்னதை விட ஒரு நிமிடம் முன்பே எடுத்துச் சோஸுக்குள் போட்டு முடியுங்கள்.

மிசிசாகா: ஐந்து பேர் குடும்பம். சோஸை விட இறைச்சிதான் காசைத் தின்கிறது.

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்! சோஸில் ஐம்பது சதம் மிச்சம் பிடித்துவிட்டு, அரைத்த இறைச்சியிலும் சீஸிலும் பத்து டொலர் விடுகிறோம். இறைச்சியைப் பாதியாக்கி, அரைக் கப் மைசூர்ப் பருப்பைக் கழுவிச் சோஸோடு சேருங்கள், ஒன்றரைக் கப் தண்ணீரும் விடுங்கள். இருபது நிமிடத்தில் கரைந்து கெட்டியாகும். பிள்ளைகளுக்குச் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியவராது. இறைச்சியை முதலில் தனியாக, கலக்காமல், அடி சிவக்க வறுத்தெடுங்கள். அப்படி வறுத்தால் பாதி இறைச்சியே முழு வாசம் தரும்.

அஜாக்ஸ், இன்னொருவர்: அப்பாவுக்குப் பிரஷர். போத்தல் சோஸில் உப்பு எவ்வளவு?

லேபிளில் அளவு பெரும்பாலும் 125 மி.லீ.க்குப் போட்டிருக்கும். அதற்கே சில போத்தலில் 400 மி.கி. சோடியத்துக்கு (உப்பில் இருப்பது அதுதான்) மேலே இருக்கும். கனடாவில் ஒரு நாள் கணக்கு 2300 மி.கி. நாங்கள் 125 மி.லீ.யோடு நிறுத்துகிற ஆட்கள் இல்லையே. லேபிளில் சோடியத்துக்கு நேரே போட்டிருக்கிற நாளாந்தப் பெறுமானம் (% DV) 15 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் கூட என்று எடுத்துக்கொள்ளுங்கள். சீனி எத்தனை கிராம் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், தக்காளிக்கே சொந்த இனிப்பு உண்டு. சேர்மானப் பட்டியலில் சீனி என்று தனியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்பாவுக்கு என்றால் உப்பில்லாத ரின் வாங்கி நீங்களே காய்ச்சுங்கள், இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

கோவையிலிருந்து: அண்ணா, இங்கே சாஸ் பாட்டில்தான் விலை, தக்காளி மலிவு. பூண்டு, தக்காளி வைத்தே செய்யலாமா?

தாராளமாக. உங்களுக்கு என் கணக்கு எல்லாம் தலைகீழ். நாட்டுத் தக்காளி புளிப்பும் சாறும், ஹைபிரிட் சதைப்பற்று, இரண்டையும் பாதிப் பாதி போடுங்கள். கொதிநீரில் போட்டுத் தோல் உரித்து, கூடுதலாகப் பத்து நிமிடம் வற்றவையுங்கள். மழைக்காலத்தில் தக்காளி விலை ஏறும், மலிவான நாளில் காய்ச்சி பிரீஸரில் வைத்துவிடுங்கள். அலுமினியச் சட்டி மட்டும் வேண்டாம், புளிப்பு உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்காபரோ: மிச்ச தக்காளிப் பேஸ்டை ரின்னோடேயே பிரிஜ்ஜில் வைக்கலாமா?

வேண்டாம், உலோக வாசம் பிடிக்கும். 156 மி.லீ. ரின்னில் ஒரு கரண்டி எடுத்தால் மிச்சத்தை ஐஸ் தட்டில் கரண்டி கரண்டியாகப் போட்டு உறையவைத்து, பையில் கொட்டி வையுங்கள். தேவைக்கு ஒரு கட்டி எடுத்து, உறைந்தபடியே எண்ணெயில் போடலாம்.