டெண்டருக்குள் விழுப்புரம் பாசஞ்சர்

கேள்வி: பிரான்சில் இருக்கும் மகன் எல்.ஜி.பி. என்ற மாதிரி ரயில் கம்பெனியின் பழைய ‘மோகல்’ என்ற, மின்சாரத்தில் ஓடும் நீராவி இன்ஜின் மாடல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். லாஸ்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் 20 மீட்டர் பித்தளைத் தண்டவாளம் போட்டு, சாதாரண டி.சி. கன்ட்ரோலரில் ஓட்டுகிறேன். சத்தம், புகை, நெருப்புப் பெட்டி வெளிச்சம் எல்லாம் சேர்க்க ஆசை. முதலில் புகை யூனிட் வாங்கலாமா? சிறுவயதில் விழுப்புரம் பாசஞ்சரில் கேட்ட அந்த ‘குபுக் குபுக்’ இதில் வருமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுச்சேரி)

பதில்: வரும் ஐயா. ஆனால் புகையில் ஆரம்பித்தால் வராது. மொட்டைமாடியில் சாயங்காலம் கடல்காற்று எழும்பிவிட்டால் அந்தச் சின்னப் புகை புகைபோக்கியைத் தாண்டுவதற்குள் கரைந்துவிடும். அதன் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் தண்டவாளத்தில் மிச்சமிருக்கும். புகையைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

முதல் கேள்வி கரன்ட் எப்படிப் போகிறது என்பதுதான். நான் கடலூர் துறைமுகப் பக்கம் இருப்பவன், உப்புக்காற்று பித்தளையை என்ன செய்யும் என்று தெரியும். இரண்டு நாள் ஓட்டாமல் விட்டால் தண்டவாளம் கருக்கும். டி.சி. மோட்டார் அந்தக் கறுப்பில் ஒரு நொடி தடுமாறித் தாண்டிவிடும். சவுண்ட் டிகோடர், அதாவது இன்ஜினுக்குள் இருந்து மோட்டாரையும் விளக்கையும் சத்தத்தையும் நடத்தும் சின்ன எலக்ட்ரானிக் போர்டு, அப்படியல்ல, கரன்ட் அறுந்தால் அணைந்து, மறுபடி முதலிலிருந்து எழும். குபுக் குபுக் என்று வந்த இன்ஜின் நடுவழியில் ஊமையாகி, பிறகு விசிலில் தொடங்கினால் எப்படி இருக்கும்! கரன்டைக் கொஞ்சம் சேர்த்துவைக்கும் கெபாசிட்டர் கட்டி ஒன்றிரண்டு நொடி சமாளிக்கலாம். வெயிலில் நீளும் தண்டவாளத்தை அது சமாளிக்காது. 30 டிகிரி ஏறினால் 20 மீட்டர் பித்தளை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். இணைப்புகள் இப்படித் தினம் நகர்ந்து நகர்ந்து தளர்ந்துவிடும்.

அதனால் உங்கள் மாடிக்கு என் யோசனை பேட்டரிதான். 18650 லித்தியம் செல் ஐந்தைத் தொடராகக் கட்டினால் 18.5 வோல்ட், முழு சார்ஜில் 21. செல் 2.5 ஆம்பியர்-மணி என்றால், சராசரி 1 ஆம்பியர் இழுவைக்கு இரண்டு மணி நேரம் தாராளமாக ஓடும். பாதுகாப்பு போர்டும் ஃபியூஸும் இல்லாமல் இதைக் கட்டாதீர்கள். இந்த பேட்டரி பேக்கின் இடம் டெண்டர், அதாவது இன்ஜினுக்குப் பின்னால் வரும் கரி, தண்ணீர் வண்டி. சார்ஜ் போடும்போது பேக்கை அதிலிருந்து வெளியே எடுத்து, கண்ணெதிரே வைத்துப் போடுங்கள். மே மாத வெயிலில் மாடியிலேயே விட்டுவிடாதீர்கள். பேட்டரிக்கு மாறியதும் சக்கரத்திலிருந்து வரும் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். பேட்டரியில் ஓடும் ரேடியோ ரிசீவர்களில் டி.சி.சி. (டிகோடருக்குக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை) சிக்னலைத் தரும் வகை இருக்கிறது, அதன் பின்னால் சாதாரண சவுண்ட் டிகோடரையே மாட்டலாம். செல் ஒன்று 18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம். ஸ்பீக்கரோடு சேர்ந்து டெண்டரில் அடங்குமா என்று அட்டையில் வெட்டி வைத்துப் பாருங்கள். அடங்காவிட்டால் பின்னால் ஒரு மூடிய சரக்குப் பெட்டியைக் கோத்துக்கொள்ளலாம்.

டிகோடர் வாங்கும் முன் மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து மோட்டார் ஒயரில் தொடராக மாட்டுங்கள். 18 வோல்ட் கொடுத்து, இன்ஜினைக் கையால் பிடித்து, சக்கரம் வழுக்கிச் சுற்றும்போது எவ்வளவு இழுக்கிறது என்று ஓரிரு நொடி பாருங்கள். அதோடு விளக்கு, ஸ்பீக்கர், நாளைக்கு வரப்போகும் புகை யூனிட் எல்லாம் கூட்டி, அதற்கு மேல் தாங்கும் டிகோடராக வாங்குங்கள். சின்ன அளவு இன்ஜினுக்குச் செய்த 1 ஆம்பியர் டிகோடர் மலிவாகக் கிடைக்கிறதே என்று பார்க்காதீர்கள். மூடிய பாய்லருக்குள், நம் ஊர் வெயிலில், அது சூடேறி நின்று நின்று போகும்.

ஒயர் நிறத்தில் நான் ஒரு டிகோடரைப் பலிகொடுத்திருக்கிறேன். எல்.ஜி.பி. வண்டியில் பழுப்பும் வெள்ளையும் தண்டவாளத்திலிருந்து வருபவை, மஞ்சளும் பச்சையும் மோட்டார். டி.சி.சி. டிகோடரின் வழக்கமான நிறங்களோ வேறு: சிவப்பும் கறுப்பும் தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் பொது. நான் பழக்கதோஷத்தில் வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்து ஈயம் வைத்தேன். அதாவது தண்டவாளக் கரன்டை நேராக டிகோடரின் விளக்கு வாசலில் (விளக்குக்குக் கரன்ட் தரும் முனையில்) விட்டேன். ஒரு ‘டிக்’, கொஞ்சம் கருகல் வாடை, அவ்வளவுதான். நிறத்தை நம்பாமல், ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது என்று மீட்டரில் தொட்டுப் பார்த்துவிட்டு, பேப்பர் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

சரி, குபுக்குக்கு வருவோம். சாதாரண இரண்டு சிலிண்டர் நீராவி இன்ஜினில் பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி வேலை செய்யும். இரண்டு பக்க கிராங்க்கும் 90 டிகிரி விலகி நிற்கும். ஆகவே சக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு குபுக். நம் மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.பி. இன்ஜினின் ஓட்டுச் சக்கரம் 4 அடி 6 அங்குலம். கணக்குப் போட்டால் 5 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஒன்றுக்குச் சற்று மேல், 60 கி.மீ. வேகத்தில் பதினைந்து. ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது எண்ண முடிந்த சத்தம் அப்புறம் ஒரே இரைச்சலாகச் சேர்ந்துவிடுவது இதனால்தான். பாசஞ்சரில் நீங்கள் கேட்டதும் அதுதான்.

சக்கரச் சுற்றுக்கும் குபுக்குக்கும் உள்ள இந்தப் பொருத்தம் தவறினால் எவ்வளவு விலை டிகோடரும் பொம்மைதான். மோட்டார் வேகத்தை வைத்தே டிகோடர் ஊகிக்கும், அது சுமாராக இருக்கும். துல்லியம் வேண்டுமானால் ஓட்டுச் சக்கரத்தின் உள்பக்கத்தில் 3 மி.மீ. காந்தம் நான்கை 90 டிகிரி இடைவெளியில் அரால்டைட்டில் ஒட்டி, எதிரே கியர் பெட்டியின் ஓரத்தில் ஒரு சென்சார் வையுங்கள். காந்தம் அருகே வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்ச் என்றால் காந்தத்தின் எந்த முகம் வெளியே இருந்தாலும் கவலையில்லை. காந்தத்தின் முகத்தைப் பார்த்து வேலை செய்யும் ஹால் சென்சார் என்றால் நான்கும் ஒரே முகம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் குபுக், குபுக், வெற்று, குபுக் என்று நொண்டும். மோட்டாரின் காந்தத்தை விட்டுத் தள்ளியே வையுங்கள். டெண்டர் சக்கரத்தில் ஒட்டுவது சுலபம்தான், ஆனால் அது சின்னச் சக்கரம், வேகமாகச் சுற்றும், கணக்கு ஒத்துவராது.

ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தம் முன்பக்கச் சத்தத்தோடு மோதினால் அடித்தொனி செத்துவிடும். பின்னால் காற்றுப் புகாத பெட்டி வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பி.வி.சி. குழாய் மூடியே போதும். ஸ்பீக்கரின் விளிம்பு அளவுக்கு மூடியைத் தேர்ந்து, சிலிகான் பூசி உட்காரவைத்து, டெண்டரின் அடித்தட்டில் துளைகள் போட்டுக் கீழ்நோக்கி வையுங்கள். எத்தனை ஓம் ஸ்பீக்கர் என்பது டிகோடர் தாளில் இருக்கும், அதை மீறாதீர்கள்.

விளக்கில் பெரிய வித்தை எதுவுமில்லை. 20 வோல்ட்டில் வெள்ளை எல்.இ.டி.க்கு 1.8 கிலோ ஓம் ரெஸிஸ்டர். நெருப்புப் பெட்டிக்குச் சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று, தனித்தனி வாசலில், மினுக்கும் அமைப்பில்.

இதெல்லாம் ஓடிய பிறகும் புகை வேண்டும் என்று தோன்றினால், சக்கரத்தோடு சேர்ந்து ஊதும் விசிறி வைத்த யூனிட்டை வாங்குங்கள். அதற்கென்றே விற்கும் எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம். எண்ணெய் தீர்ந்ததும் அணைத்துவிடுங்கள், உலர்ந்து எரிந்தால் யூனிட் போய்விடும். புகை உள்ள நாளில் மட்டும் காற்று இல்லாத நேரமாக, விடியற்காலையில் ஓட்டிப் பாருங்கள்.

பாய்லரை மூடித் திருகு போடும் முன் மேசையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். டிகோடரில் நாம் மாற்றக்கூடிய எண் அமைப்புகளுக்கு சி.வி. என்று பெயர். சி.வி. 3 கிளம்பும் நிதானம், சி.வி. 4 நிற்கும் நிதானம். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், அதிகமானால் மாடிச் சுவர் வந்தாலும் நிற்காது. மாற்றிய மதிப்புகளை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எங்கேயாவது குழம்பிவிட்டால், பல நிறுவனங்களின் டிகோடரில் சி.வி. 8-இல் 8 என்று எழுதினால் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும்.