துருவச் செடிகள் தரையோடு தரையாக வளர்வது ஏன்?

கேள்வி: ஆர்க்டிக் பகுதியின் பெரும்பாலான செடிகள் முழ உயரம்கூட வளர்வதில்லை என்று படித்தேன். எங்கள் பக்கத்தில் ஒரே பருவத்தில் ராகி விதைத்து அறுத்துவிடுகிறோம். அங்குள்ள குறுகிய கோடையில் அவை எவ்வாறு இனம் பெருக்குகின்றன?
– வாசகி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: ராகியைப் போல ஒரே பருவத்தில் முளைத்து, விதை தந்து மடியும் செடிகள் அங்கே மிக அரிது. ஏனையவை பல்லாண்டுச் செடிகள். அவற்றுள் பல, அடுத்த கோடைக்கான பூமொட்டுகளை முந்தைய ஆண்டிலேயே உருவாக்கி வைத்திருப்பதால், பனி உருகியதும் காலம் கடத்தாமல் பூத்துவிடுகின்றன.

குள்ள உருவத்துக்குக் காற்று ஒரு முக்கியக் காரணம். தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, வெயில் ஏறிய மண்ணின் சூடும் கிடைக்கும். குளிர்காலத்தில் பனியே போர்வையாகிவிடும். ஆர்க்டிக் வில்லோ மர இனத்தைச் சேர்ந்ததுதான், ஆனாலும் அது தரையில் படர்ந்தே வாழ்கிறது. சைலீன் அகௌலிஸ் என்னும் செடியோ மெத்தை வடிவில் நெருங்கி வளர்வது; உதிராத பழைய இலைகள் உள்ளே ஈரத்தைக் காக்க, வெயில் நாளில் அதன் உட்புறம் வெளிக்காற்றைவிடப் 10 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாக இருக்கக்கூடும். சூரியன் அதிகம் படும் தென்புறத்தில்தான் இளஞ்சிவப்புப் பூக்கள் முதலில் மலர்கின்றன.

என்னை மிகவும் வியக்கவைப்பது பிஸ்டோர்ட்டா விவிபாரா என்னும் செடிதான். அதன் ஒரே தண்டில் மேலே வெண்ணிறப் பூக்களும் கீழே சிறு குமிழ்மொட்டுகளும் இருக்கும். பூக்கள் விதையாவது அபூர்வமே என்றாலும், குமிழ்கள் மகரந்தச் சேர்க்கையின்றியே உதிர்ந்து முளைக்கின்றன, சில வேளை தாய்த்தண்டில் இருக்கும்போதே இலை விட்டுவிடுகின்றன. அப்படி வரும் செடிகள் தாயின் நேர்ப்படிகளே. புதிய குணங்கள் கலப்பதற்கு அந்த அபூர்வ விதைகள்தாம் வழி.