வலைக்கு அந்தப் பக்கம் கிழடு, இந்தப் பக்கம் இளசு

கேள்வி: ஆழ்கூளக் கொட்டகையில் (தரையில் உமி, மரத்தூள் போன்ற கூளம் பரப்பியது) 60 வார வயதுள்ள முட்டைக்கோழிகள் 400 வைத்திருக்கிறேன். அதே கொட்டகையில் கம்பிவலை கட்டி, 14 வார வளர்கோழிகள் 250ஐ இறக்கியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முட்டைக்கோழித் தீவனம்தான். இரண்டு வாரமாக இளங்கோழிகள் சில தும்முகின்றன. எப்போது வலையை எடுத்துவிடலாம்?

பதில்: வலையை எடுக்கவே வேண்டாம். இளசுகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். தற்காலிகக் கொட்டகை என்றாலும் பரவாயில்லை, கொஞ்சம் தள்ளி, காற்று பழைய கொட்டகையிலிருந்து அதன் பக்கம் வீசாத இடமாகப் பாருங்கள். கோழிகள் கொத்திக்கொள்வதை வலை தடுக்கும், தூசியையும் மூச்சையும் தடுக்காது. மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமிகளைச் சுமக்கும் கிழட்டுக் கோழி வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், முட்டையும் இடும். தும்மல் புதிதாக வந்தவற்றில்தான் தெரியும். அவையே வெளியிலிருந்து நோயைக் கொண்டுவந்திருக்கவும் கூடும். அதனால் நீங்களாக மருந்து கலக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஏதாவது இறந்தால் புதைக்கும் முன் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

தும்மலைவிட எனக்குக் கவலை தருவது தீவனம். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 4 சதவீதம். வளர்கோழிக்கு 1 சதவீதம் போதும். முட்டை இடாத கோழிக்கு அந்த மிகுதி எங்கே போகும்? சிறுநீரகத்தின் மேல்தான் சுமை விழும். இன்று வெளியே தெரியாது. முட்டை இடத் தொடங்கிய பிறகு திடீர் திடீரென்று சாவு விழும். இன்றே வளர்கோழித் தீவனத்துக்கு மாற்றுங்கள். 16, 17 வாரத்தில் 2 முதல் 2.5 சதவீதம் சுண்ணாம்புச் சத்துள்ள இடைத்தீவனம் கொடுங்கள். முதல் முட்டைகள் கண்ணில் பட்டதும் முட்டைக்கோழித் தீவனம். கிழடுகளுக்கு வயது ஏற ஏற முட்டை பெரிதாகி ஓடு மெலியும், அவற்றுக்கு மட்டும் மாலையில் கிளிஞ்சல் குருணை கொஞ்சம் கூடுதலாக வையுங்கள்.

அப்புறம் விளக்கு. பழைய கோழிகளுக்கு 16 மணி நேர வெளிச்சம் கொடுக்கிறீர்கள் என்றால், அதே பல்பு இளசுகளையும் சீக்கிரமே முட்டைக்குத் தள்ளிவிடும். உடல் தேறுமுன் முட்டை வந்தால் முட்டை சிறுத்திருக்கும், சிலவற்றுக்குக் குதம் வெளித்தள்ளும். அதை மற்றவை கொத்தத் தொடங்கினால் நிறுத்துவது பெரும்பாடு. இடம் மாற்றும் வரை சாக்குப் படுதாவாவது கட்டி மறையுங்கள்.

வேலையை எப்போதும் இளங்கோழிகளிடம் தொடங்கிக் கிழடுகளில் முடியுங்கள். வாளி, செருப்பு தனித்தனி.

இன்னொரு கொட்டகைக்கு வழியே இல்லையா? சரி, வழக்கமாகக் கழிக்கும் 72 வார வயது வரை காத்திருக்காமல் பழையவற்றை இப்போதே விற்றுக் கழித்துவிடுங்கள். சில வார முட்டை போகும், நான் அதைப் பெரிய நட்டமாக நினைக்கவில்லை. அவை போனதும் அந்தப் பக்கத்துக் கூளத்தை முழுவதும் அள்ளி, கிருமிநாசினி தெளித்து, நன்றாகக் காய்ந்த பிறகே இளசுகளுக்குத் திறந்துவிடுங்கள்.