மனித உடல் மண்டலங்கள் பற்றிய ஆண்டு இறுதி புராஜெக்ட்டுக்கு என்ன செய்யலாம்?

கேட்டவர் எட்டாம் வகுப்பு என்கிறார். தெர்மாகோலில் இதயம் செய்யலாம் என்று நினைத்திருக்கிறாராம், வேறு யோசனை உண்டா என்று கேட்கிறார். நான் அறிவியல் ஆசிரியை. ஆண்டு முடிவில் என் மேசைக்கு வருவதில் பெரும்பாலும் தெர்மாகோல் இதயம்தான். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் "இதைச் செய்ததில் என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்டால் பதில் வராது. பாதி நேரம் செய்தது அப்பாவாக இருக்கும்!

எந்த மண்டலம் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீங்களே அளந்து விடை சொல்லக்கூடிய ஒரு கேள்வி முதலில் வேண்டும்.

இதயம்தான் வேண்டும் என்றால் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வியின் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள். உண்ணும் உணவிலிருந்து கல்லீரல் புதிது புதிதாக இரத்தம் தயாரிக்கிறது, உடல் அதைப் பயன்படுத்தித் தீர்த்துவிடுகிறது என்றுதான் அவர் காலத்து மருத்துவர்கள் பெரும்பாலும் நம்பினார்கள். ஒரு துடிப்புக்கு இதயம் வெளியேற்றும் இரத்தத்தை வேண்டுமென்றே குறைவாக வைத்து, ஹார்வி அதைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தார். அரை மணி நேரக் கணக்கே உடலில் உள்ள மொத்த இரத்தத்தைத் தாண்டிவிட்டது. எந்தக் கல்லீரலாலும் இவ்வளவு தயாரிக்க முடியாது, அப்படியானால் அதே இரத்தம்தான் சுற்றி வர வேண்டும் என்று 1628இல் எழுதினார். இன்றைய எண்களை வைத்து நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 72 துடிப்பு: 5 லிட்டர் வருகிறது. பெரியவர் ஒருவரின் உடலில் இருப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான்.

கணக்கு முடிந்ததும் அளவெடுங்கள். வகுப்பில் பத்துப் பேரை அமைதியாக உட்காரவைத்து நாடித்துடிப்பையும் மூச்சையும் எண்ணுங்கள். மூன்று நிமிடம் ஒரு படியில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். நின்றதும் ஒருமுறை, பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை, பழைய எண் வரும்வரை குறித்துக்கொண்டே இருங்கள். நாடியும் மூச்சும் ஒன்றாகவே இறங்குகின்றனவா, ஒன்று முந்துகிறதா? இதுதான் உங்கள் கேள்வி. இரண்டு மண்டலங்களும் சேர்ந்து வேலை செய்வதை எந்த சார்ட்டும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. நாடியைக் கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதன் துடிப்பையே எண்ணிவிட வாய்ப்பு உண்டு. ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ளவர்களை ஏறி இறங்க விடவேண்டாம்.

நரம்பு மண்டலம் பிடித்தால் ஒரு ஸ்கேல் போதும். நண்பர் சொல்லாமல் கீழே விட, நீங்கள் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. விழுந்த பிறகு பிடித்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 0.2 விநாடி. வலது கை, இடது கை ஒப்பிடலாம். செரிமானத்துக்கு, நீர்த்த கஞ்சியில் உமிழ்நீர் கலந்து அவ்வப்போது ஒரு சொட்டு எடுத்து அயோடின் விட்டுப் பார்க்கலாம். ஸ்டார்ச் உடைய உடைய கருநீலம் வருவது நின்றுபோகும். உமிழ்நீர் கலக்காத கஞ்சியும் பக்கத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது?

மாடல் கட்டாயம் என்று சொல்லிவிட்டார்களா? சரி, பாட்டிலும் பலூனும் வைத்த நுரையீரல் செய்யுங்கள். அடியில் கட்டிய ரப்பர் தாளை இழுத்தால் உள்ளே பலூன் உப்பும்; நுரையீரலுக்கு அடியில் இருக்கும் தசையான உதரவிதானத்தின் வேலை புரியும். கூடவே அந்த மாடல் எங்கே பொய் சொல்கிறது என்றும் எழுதுங்கள். உண்மையான மார்புக்கூட்டில் நுரையீரலைச் சுற்றி அவ்வளவு காலி இடம் கிடையாது, விலா எலும்புகளும் அசையும். நான் அதிக மதிப்பெண் போடுவது இந்தப் பத்திக்குத்தான். (இரத்த ஓட்டப் படம் வரைந்தால், நீல நிறம் அடையாளத்துக்கு மட்டும் என்று ஓரத்தில் குறிப்பிடுங்கள். சிரையில் ஓடுவதும் சிவப்புதான், கொஞ்சம் கருஞ்சிவப்பு.)

எட்டுப் பேருக்கு எதிர்பார்த்தபடி வந்து இரண்டு பேருக்கு வராமல் போனால், அந்த இருவரையும் கிராஃபிலிருந்து நீக்கிவிடாதீர்கள். அளப்பதற்கு முன் ஓடி வந்தார்களா, எண்ணியவர் தடுமாறினாரா, உண்மையிலேயே அவர்கள் உடல் அப்படித்தானா? நான் தேர்வாளராக வந்தால் முதல் கேள்வியே அங்கிருந்துதான் கேட்பேன்.