பில்லி ஜீன் கேட்டது 608 டாலர்

"80களில் வந்த டீன் ஏஜ் கலகப் படங்களில் ஒரு பெண்ணே முன்னால் நிற்கும் படம் எது, இன்றைக்கும் பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

1985இல் வந்த 'தி லெஜண்ட் ஆஃப் பில்லி ஜீன்' பாருங்கள். மேத்யூ ராபின்ஸ் இயக்கியது. மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேள்வியைப் பார்த்தால் நீங்கள் கல்லூரியில் படிப்பவர் போலத் தெரிகிறது, யாரிடமோ எதையோ கேட்டுக் கிடைக்காத கோபமும் இருக்கும் போல. அப்படியென்றால் இந்தப் படம் உங்களுக்குத்தான்.

ஆனால் 'கலகம்' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. படத்தின் நாயகி பில்லி ஜீன் யாரையும் எதிர்த்துக் கிளம்பவில்லை. டெக்சாஸில் கார்பஸ் கிறிஸ்டி என்ற கடலோர ஊரில், டிரெய்லர் வீடுகள், அதாவது இழுத்துப் போய் நிறுத்தும் மலிவான வீடுகள், இருக்கும் பகுதியில் வளர்கிறவள். தம்பி பிங்க்ஸின் ஸ்கூட்டரை ஹியூபி என்ற பையன் தூக்கிப் போய் நொறுக்கிவிடுகிறான், தம்பியையும் அடிக்கிறான். போலீசில் சொல்லியும் அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழுதுபார்க்க 608 டாலர் ஆகும் என்ற சீட்டை எடுத்துக்கொண்டு ஹியூபியின் அப்பா கடைக்குப் போகிறாள். அந்த ஆள் கனிவாகப் பேசி மாடிக்குக் கூப்பிட்டு, இப்போது 50 டாலர், அப்புறம் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக என்று பேரம் பேசிக் கையை வைக்கிறான். அக்காவைக் காப்பாற்ற வந்த தம்பியின் கையில் கடைக்காரனுடைய துப்பாக்கி. குண்டு இருக்காது என்று நினைத்தது வெடித்துக் கடைக்காரன் தோளில் பாய்கிறது. பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

ஊரே தேடுகிறது. அப்போதும் அவள் கேட்பது அதே 608 டாலர்தான், அதோடு ஒரு மன்னிப்பு. 'ஃபேர் இஸ் ஃபேர்', நியாயம்னா நியாயம், இவ்வளவுதான் அவளுடைய கோஷம். அவள் ஒரு டாலர் கூட்டிக் கேட்டிருந்தால் எனக்கு அந்தப் படம் பிடித்திருக்காது.

துப்பாக்கியை நியாயப்படுத்துகிறேன் என்று கமெண்டில் வராதீர்கள். பெரிய கலைப்படம் என்றும் நான் சொல்லவில்லை. தியேட்டரில் ஓடாத படம் அது. இந்தப் படத்துக்காகப் பாட் பெனட்டர் பாடிய 'இன்வின்சிபிள்' பாட்டுக்கு இருந்த வரவேற்புகூடப் படத்துக்கு இல்லை. பிறகு கேபிள் டிவியில் திரும்பத் திரும்பப் போட்டு, அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் அதைக் காப்பாற்றினார்கள். 2011 வரை டிவிடிகூட வரவில்லை.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நான் எம்எஸ் படித்தது கார்பஸ் கிறிஸ்டியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் ஒரு சின்ன ஊரில். 2015இல் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை நான்கு பெண்கள் சேர்ந்து எடுத்திருந்தோம். டெபாசிட் 800 டாலர். காலி செய்யும்போது முட்டி போட்டுத் தரையெல்லாம் தேய்த்து, ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தோம். ஒரு மாதம் ஆயிற்று, பணம் வரவில்லை. வீட்டுக்காரரின் அலுவலகத்துக்கு நேரில் போனேன். கார்பெட், பெயிண்ட், துப்புரவு எல்லாம் சேர்த்துக் கழிந்துவிட்டது என்றார் அங்கிருந்தவர். பில் கேட்டேன், இல்லை. கடைசியில், "150 தருகிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ" என்றார்.

சீனியர்கள் எல்லோரும் ஒரே குரலில், விசாவில் இருக்கிறோம், வம்பு வேண்டாம் என்றார்கள். ஈரோட்டிலிருந்து அப்பா, "விட்ரு கண்ணு, காசு போனா சம்பாதிச்சுக்கலாம்" என்றார். அப்பாவைக் குறை சொல்லவில்லை, அவர் பயம் அவருக்கு.

அந்த வாரம்தான் நான் பகுதிநேரமாக வேலை பார்த்த நூலகத்தில் ஓர் அம்மா இந்தப் படத்தின் டிஸ்க்கைக் கொடுத்தார். உள்ளூர்க்காரர். கார்பஸ் கிறிஸ்டியிலேயே எடுத்த படம் என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. ராத்திரி தனியாகப் பார்த்தேன். பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்காக ஜீன் சீபெர்க் நடித்த பழைய படத்தை டிவியில் பார்த்துவிட்டு, பில்லி ஜீன் தன் நீண்ட பொன்னிற முடியைக் கத்தரித்துக்கொண்டு வருவாளே, எல்லோரும் அந்தக் காட்சியைத்தான் சொல்வார்கள். பில்லி ஜீனாக நடித்த ஹெலன் ஸ்லேட்டர் அதில் நின்ற நிற்பு அப்படி. என்னை உலுக்கியது கடைக்காரன் பேரம் பேசும் காட்சி. பாக்கியைக் கேட்டு வந்தவளை, தயவு கேட்டு வந்தவளாக மாற்றுகிறான் பாருங்கள், அது. என்னிடமும் அதைத்தான் செய்தார்கள். தொகைதான் வேறு.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சமையலறை மேடையில் சூடான குக்கரை வைத்து ஒரு தழும்பு, அது எங்கள் தப்பு. அதற்கு 85 டாலர் என்று நாங்களே கழித்தோம். மீதி 715. டெக்சாஸ் சட்டப்படி, காலி செய்து புது முகவரியை எழுதிக் கொடுத்தால் 30 நாளில் டெபாசிட்டைத் திருப்ப வேண்டும். புழக்கத்தில் வரும் சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடிக்கக் கூடாது. கெட்ட எண்ணத்தோடு வைத்துக்கொண்டால் பிடித்த தொகையில் மூன்று மடங்கும் மேலே 100 டாலரும் தர வேண்டிவரும். இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, போட்டோக்களை இணைத்து, சர்டிஃபைடு மெயிலில், நம்ம ஊர் பதிவுத் தபால் மாதிரி, அனுப்பினேன். 11ஆம் நாள் 715 டாலருக்குச் செக் வந்தது. மூன்று மடங்கு கேட்டிருக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். எனக்கு வேண்டியது 715தான்.

படத்தின் கடைசியில் அந்தக் கடைக்காரன் அவள் படம் போட்ட சாமான்களைக் கடற்கரையில் விற்றுக்கொண்டிருப்பான். அவள் எதிரே வந்து நின்றதும் பணத்தை நீட்டுவான். அவள் வாங்க மாட்டாள். அதை நீங்களே பாருங்கள். தமிழில் பத்து நிமிடத்தில் கதை சொல்லும் வீடியோக்களை நம்பி உட்காராதீர்கள். அப்படி ஒன்றில் மாடிக் காட்சியை, "பொண்ணு தேவையில்லாம தனியா போய் மாட்டிக்கிச்சு" என்று சொன்னதைக் கேட்டு எனக்கு இரண்டு நாள் ஆறவில்லை. தனக்கு வர வேண்டிய பாக்கியைக் கேட்கப் போனவள் எப்படித் தேவையில்லாமல் போனவள் ஆவாள்?

சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நால்வரில் ஒருத்தி அந்தக் கடிதத்தில் தன் பெயரைப் போடவே கூடாது என்று அழுதாள். போடவில்லை, மூன்று பேர்தான் கையெழுத்திட்டோம். செக் வந்த செய்தி தெரிந்த அன்று இரவே, "என் பங்கு எவ்வளவு?" என்று அவளிடமிருந்து மெசேஜ். மற்ற இருவரும் தரவே கூடாது என்றார்கள். எனக்கும் கோபம்தான், இன்றும் ஆறவில்லை. ஆனால் டெபாசிட் கட்டும்போது அவளும் 200 டாலர் போட்டிருந்தாள். 715ஐ நான்காக வகுத்து, 178 டாலர் 75 சென்ட்டை அவளுக்கு அனுப்பிவிட்டேன்.