கடல் வாசனை வருடங்கள் போகப்போக மாறுமா?

மும்பையின் தாதர் சௌபாத்தி கடற்கரையில் வரும் கடல் வாசனை எதனால், அது காலப்போக்கில் மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாட்டுங்காவிலிருந்து ஞாயிறு காலைகளில் நானும் அங்கே நடக்கப் போவேன். முதலில் ஒன்று: மாகிம் கழிமுகத்தில் மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டை நாற்றம் வேறு. சாக்கடைச் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அது. கடல் வாசனையில் முக்கியமானது டைமெதில் சல்ஃபைடு. முட்டைக்கோஸ் வேகும்போது அடுப்படியில் வருகிறதே, அதிலும் இந்த வாயு உண்டு.

கடலில் மிதக்கும் நுண்பாசிகள் பல, உப்பைச் சமாளிக்க ஒரு கந்தகச் சேர்மத்தை உடம்பில் வைத்திருக்கும். அவை செத்தாலோ, நுண்விலங்குகள் தின்றாலோ அது வெளியேறி உடைந்து டைமெதில் சல்ஃபைடு வாயுவாகும். அப்புறம் காற்றில் சல்ஃபேட் துகளாகி மேகத்துளிக்கு வித்தாகும்.

மாறுமா? மாறும். எவ்வளவு பாசி என்பதைவிட எந்தப் பாசி என்பதுதான் பெரிது. கண்ணாடி போன்ற ஓடுள்ள நுண்பாசிகளான டயாட்டம்களிடம் இந்தச் சேர்மம் பொதுவாகக் குறைவு; சாட்டை போன்ற இழையால் நீந்தும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் பலவற்றிடம் அதிகம். ஆக்சிஜனும் சேர்ந்து ஆட்டிவைக்கும். கோவாவின் கண்டோலிம் அருகே தேசியக் கடலியல் நிறுவனம் பல வருடங்களாக நீர் எடுத்துச் சோதிக்கிறது. பருவமழை முடிவில் அடிநீரில் ஆக்சிஜன் தீரும் நாட்களில் டைமெதில் சல்ஃபைடு எகிறியதை அங்கே கண்டார்கள். ஒரே இடத்தில் இப்படி விடாமல் அளந்தால்தான் பருவ ஏற்ற இறக்கம் எது, நிஜமான மாற்றம் எது என்று பிரிக்க முடியும்.