எட்டா சுரங்கமும் வேதாரண்யம் உப்பளமும்: கேள்வி பதில்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், கீஸ்டோன் ஊர்ப்பக்கம் இருக்கும் பழைய எட்டா சுரங்கத்தில் 40 அடிப் படிகம் இருந்தது என்று நான் சொல்லப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. நிலவியல் படித்தவன், ஊர் வேதாரண்யம். கேளுங்கள்.

கே: 40 அடிப் படிகம் என்பது சும்மா கதைதானே சார்? (மன்னார்குடி)

ப: கதை இல்லை தம்பி. ஸ்போடுமின் என்கிற லித்தியக் கனிமம், ஒரே படிகம், 40 அடிக்கு மேல் நீளம். பழைய படங்களில் பாறைச் சுவருக்குள் தென்னை மரங்களைச் செருகி வைத்தது மாதிரி தெரியும்.

கே: மெதுவாக ஆறியதால்தானே அவ்வளவு பெரிசு? (திருவாரூர்)

ப: நானும் பரீட்சையில் அப்படி எழுதித்தான் மார்க் வாங்கினேன். ஆனால் விஷயம் வேறு. எங்கள் ஊர் உப்பளத்தில் உப்பு இறங்கியபின் பாத்தியில் மிஞ்சுகிற தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசக்கும்; உப்பு சேர்த்துக்கொள்ளாத மக்னீசியம் எல்லாம் அதில்தான் கிடக்கிறது. கருங்கல்லாகப் போகிற உருகிய பாறைக் குழம்பு இறுகும்போதும் இதே கதைதான், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்கிற கனிமங்கள் லித்தியத்தை உள்ளே விடாது, அதனால் லித்தியம், போரான், தண்ணீர் எல்லாம் கடைசி மிச்சத்தில் போய்ச் சேரும். அந்த மிச்சம் உறைந்தால் பெக்மடைட் என்கிற பாறை. இவை சேர்ந்த குழம்பு நீர்த்து ஓடும், படிகம் பிடிக்கிற இடங்களும் குறைவு; பனங்கற்கண்டுப் பானையில் நாலைந்து கட்டி மட்டும் பெருப்பது போல. வேகமாக ஆறினாலும் பெரிதாகலாம். எட்டாவின் பாறைக்கு வயது சுமார் 170 கோடி ஆண்டு, பக்கத்தில் 4 ஜனாதிபதிகளின் முகம் செதுக்கிய ரஷ்மோர் மலையும் அதே கருங்கல் குடும்பம்தான்.

கே: லித்தியத்துக்காகவே தோண்டினார்களா? (கும்பகோணம்)

ப: 1883இல் அபிரகத்துக்காக (மைக்கா). அப்புறம் வெள்ளீய ஆசை பிடித்தது, இங்கிலாந்துப் பணமெல்லாம் வந்து இறங்கியது, வெள்ளீயம் மட்டும் எதிர்பார்த்த அளவு வரவில்லை. 1898 வாக்கில்தான் ஸ்போடுமின் பக்கம் திரும்பினார்கள். 1960இல் மூடியாகிவிட்டது. இன்று செல்போனில் இருக்கிற லித்தியம் அயான் பேட்டரியை சோனி விற்க ஆரம்பித்ததே 1991இல்!

கே: அண்ணே, லித்தியம்னு சொல்லிக்கிட்டு நம்ம வயலைத் தோண்ட வருவாங்களா? (திருத்துறைப்பூண்டி)

ப: அதுக்கு வரமாட்டார்கள். நம் காலடியில் இருப்பது ஆறு கொண்டுவந்த வண்டல். பெக்மடைட்டுக்குக் கடினப்பாறை வேண்டும். கரூர், காங்கேயம் பக்கம் போனால் பெக்மடைட் உண்டு. லித்தியம் என்றால் இன்னும் மேலே, காவிரி ஓடுகிற மண்டியா மாவட்டத்து மர்லகல்லாவில் 1,600 டன் இருக்கலாம் என்று அணுக் கனிமத் துறை கணக்கு சொன்னது. நமக்கு வந்து சேர்வது கொள்ளிட மணலில் வெயில் பட்டால் மினுங்குகிறதே, அந்த அபிரகத் துணுக்குதான்.